ஆஸ்பென் விருந்துக்குப் போன விமானம்: சார்ட்டர் விபத்துகள் ஏன் தரையிறங்கும் நேரத்தில் நடக்கின்றன?

சிறிய விமானம் ஒன்று தரையிறங்கப் போகும்போது விழுந்துவிட்டால், அன்று மாலைக்குள் செய்தியில் இரண்டு காரணங்கள் வந்துவிடும். ஒன்று, மோசமான வானிலை. இன்னொன்று, விமானியின் தவறு. இரண்டுமே பெரும்பாலும் பொய்யில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்தாலும் முக்கியமான கேள்விக்குப் பதில் வராது. அதே வானிலையில் சற்று முன்னால் வந்த இன்னொரு விமானம் ஓடுபாதை தெரியவில்லை என்று திரும்பிப் போயிருக்கும். அவர் ஏன் திரும்பினார், இவர் ஏன் திரும்பவில்லை?

இதைப் புரிந்துகொள்ள 2001-இல் அமெரிக்காவின் ஆஸ்பெனில் நடந்த விபத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த விமானத்தில் இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை. ஓட்டியவர்கள் புதியவர்களும் இல்லை. காக்பிட்டில் பேசியது பதிவாகியிருந்தது. விமானம் கிளம்புவதற்கு முன் தரையில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதுகூட விசாரணையில் வெளிவந்தது.

ஆஸ்பென், கொலராடோ மாநிலத்தில் ராக்கி மலைத்தொடருக்கு நடுவே இருக்கும் ஊர். பனிச்சறுக்குக்குப் பேர்போன, வசதியானவர்கள் வாரக்கடைசிக்குப் போய்வரும் இடம். விமான நிலையமே 7,800 அடி உயரத்தில், ஊட்டியைவிடச் சற்று மேலே இருக்கிறது. சுற்றிலும் அதைவிடப் பல ஆயிரம் அடி உயர்ந்த மலைகள். பள்ளத்தாக்கின் ஒரு பக்கத்தை மலை அடைத்துக்கொண்டிருப்பதால், விமானங்கள் பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வந்து இறங்கி, கிளம்பும்போது வந்த திசையிலேயே திரும்பிப் பறந்து போகும். ஒரே வாசல் உள்ள வீடு மாதிரிதான். பகல் வெளிச்சத்தில், தெளிந்த வானத்தில்கூட விமானிகள் மரியாதையோடு அணுகும் ஓடுபாதை அது.

2001 மார்ச் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸிலிருந்து அங்கே ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் 3 ஜெட் கிளம்பியது. ஆவ்ஜெட் என்ற சார்ட்டர் நிறுவனம், அதாவது கேட்பவர்களுக்கு விமானத்தை வாடகைக்கு ஓட்டும் நிறுவனம், இயக்கிய விமானம். ஒருவர் தன் நண்பர்களை அழைத்துக்கொண்டு போவதற்காக வாடகைக்கு எடுத்திருந்தார். பயணிகள் 15 பேர், விமானிகள் இருவர், பணிப்பெண் ஒருவர், ஆக மொத்தம் 18 பேர். பயணிகள் வந்து சேரத் தாமதமானதால் விமானம் திட்டமிட்டதைவிட 41 நிமிடம் பிந்திப் புறப்பட்டது.

வேறு ஊராக இருந்தால் 41 நிமிடம் பெரிய விஷயமில்லை. ஆஸ்பெனில் இரைச்சல் கட்டுப்பாடு உண்டு. கல்ஃப்ஸ்ட்ரீம் 3 பழைய வகை, சத்தம் அதிகம். அந்த மாதிரி விமானங்கள் அப்போது சூரியன் மறைந்து 30 நிமிடத்துக்குள் இறங்கிவிட வேண்டியிருந்தது. அன்று சூரியன் மறைவது மாலை 6:28. அப்படியானால் கெடு 6:58. விமானம் போய்ச்சேரும் என்று கணக்கிட்ட நேரம் 6:46. கையில் இருந்தது 12 நிமிடம்.

விமானிகள் இதை மறைக்கவில்லை. நேரத்துக்குள் இறங்க முடியாவிட்டால் ரைஃபிள் என்ற ஊருக்குப் போக வேண்டியிருக்கும் என்ற பேச்சு லாஸ் ஏஞ்சலஸிலேயே எழுந்தது. ரைஃபிளிலிருந்து ஆஸ்பெனுக்கு மலைச்சாலையில் 100 கிலோமீட்டருக்கு மேல். இதைக் கேள்விப்பட்டதும் விமானத்தை எடுத்திருந்தவர் கடுங்கோபம் கொண்டார் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை சொல்கிறது. தன் உதவியாளரை நிறுவனத்துக்குத் தொலைபேசச் சொன்னார். வேறு ஊருக்கெல்லாம் போகக்கூடாது, இதற்கு முன்பும் ஆஸ்பெனில் இரவில் இறங்கியிருக்கிறேன், இப்போதும் இறங்குவேன், விமானி தன் கருத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளட்டும் என்பது அந்தத் தொலைபேசிப் பேச்சின் சாரம்.

இந்தப் பேச்சு நடந்தபோது விமானம் தரையில்தான் நின்றுகொண்டிருந்தது. ஆஸ்பெனில் என்ன வானிலை இருக்கப் போகிறது என்று அந்த நேரத்தில் யாராலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் எப்படியும் அங்கேதான் இறங்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே விமானத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இதோடு இன்னொரு குழப்பமும் சேர்ந்தது. விபத்துக்கு இரண்டு நாள் முன்பு, மார்ச் 27 அன்று, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. ஆஸ்பென் அணுகுமுறை (கருவிகளின் உதவியோடு ஓடுபாதையை நெருங்கி இறங்க வகுத்த வழி) பற்றி விமானிகளுக்கு ஓர் அறிவிப்பு விட்டிருந்தது. இந்த மாதிரி அறிவிப்புகளைத் துறையில் நோட்டாம் என்பார்கள். அதன் சாரம் இதுதான்: இரவில் 'சர்க்கிளிங்' அனுமதி இல்லை. சர்க்கிளிங் என்றால், கருவிகளின் உதவியோடு விமான நிலையம் வரை வந்து, ஓடுபாதையைக் கண்ணால் பார்த்த பிறகு சுற்றித் திரும்பி இறங்குவது. ஆஸ்பெனில் உள்ள அணுகுமுறை ஓடுபாதைக்கு ஏறக்குறைய நேராகத்தான் வருகிறது. ஆனாலும் விதிப்படி அது சர்க்கிளிங் வகையில் வைக்கப்பட்டிருந்தது. காரணம் திசை இல்லை, சரிவு. மலையைத் தாண்டி வந்து அவ்வளவு குறைந்த தூரத்தில் அவ்வளவு உயரம் இறங்குவதை 'நேரடித் தரையிறக்கம்' என்று விதி ஏற்காது. ஆகவே இரவில் சர்க்கிளிங் இல்லை என்றால், இரவில் அந்த அணுகுமுறையே இல்லை என்றுதான் எஃப்.ஏ.ஏ. சொல்ல வந்தது. படித்தவர்களுக்கு அது அப்படி விளங்கியாக வேண்டும் என்று கட்டாயமில்லை. சுற்றாமல் நேராகப் போய் இறங்கினால் பரவாயில்லை போலிருக்கிறது என்று ஒரு விமானி எடுத்துக்கொள்ள இடமிருந்தது. துணை விமானி கிளம்புமுன் வானிலை விவரம் கேட்டபோது இந்த அறிவிப்பும் அவருக்குச் சொல்லப்பட்டது. ஆஸ்பென் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கோ அது போய்ச் சேரவே இல்லை. அது தெரிந்திருந்தால், இருட்டிய பிறகு அங்கிருந்தவர்கள் யாரையும் அந்த வழியில் வர அனுமதித்திருக்க மாட்டார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று, விமானம் இறங்குவதைப் பற்றி ஒரு அடிப்படை விஷயத்தைப் பார்த்துவிட வேண்டும். அது புரியாமல் இந்த விபத்துகள் எதுவும் புரியாது.

பெரிய விமான நிலையங்களில் ஐ.எல்.எஸ். என்ற கருவி அமைப்பு இருக்கும். அது ஓடுபாதைக்கு நேரான திசையையும், எந்தச் சரிவில் இறங்க வேண்டும் என்பதையும் ரேடியோ அலையாக அனுப்பும். விமானி அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு சீராக இறங்கி வரலாம். சிறிய ஊர்களிலும் மலைப்பகுதிகளிலும் பல இடங்களில் திசை மட்டும்தான் கிடைக்கும். சரிவு கிடைக்காது. அங்கே படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். இந்தப் புள்ளி வரை இந்த உயரத்துக்குக் கீழே போகாதே, அடுத்த புள்ளி வரை இந்த உயரம் என்று வரைபடத்தில் போட்டிருக்கும். கடைசிப் படிக்கு 'குறைந்தபட்ச இறங்கு உயரம்' என்று பெயர். அந்த உயரத்தை எட்டியதும் விமானி மட்டமாகப் பறந்து வெளியே பார்க்க வேண்டும். ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணில் பட்டால் இறங்கலாம். குறிப்பிட்ட புள்ளி வரை எதுவும் தெரியவில்லை என்றால் இயந்திர வேகத்தைக் கூட்டி மேலே ஏறிப் போய்விட வேண்டும். இதைத்தான் கோ-அரவுண்ட் என்கிறார்கள். கொஞ்சம் தெரிகிறது, இன்னும் நூறு அடி இறங்கினால் நன்றாகத் தெரியும் என்று யோசிப்பதற்கு அங்கே இடமே கிடையாது. அந்த எண்ணுக்குக் கீழே மலை இருக்கலாம், மரம் இருக்கலாம், மின்கம்பி இருக்கலாம். அதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் அந்த எண்ணை வைத்திருக்கிறார்கள்.

ஆஸ்பெனில் அன்று அந்த எண் 10,200 அடி. ஓடுபாதையிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய 2,400 அடி உயரம். அந்த உயரத்திலேயே ஓடுபாதை தெரிந்தாக வேண்டும்.

அன்று மாலை அங்கே பனிப்பொழிவு விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. இவர்களுக்கு முன்னால் வந்த விமானங்கள் ஓடுபாதை தெரியாமல் ஏறிப் போயின. அந்த உரையாடல் ரேடியோவில் இவர்கள் காதில் விழுந்தது. முன்னால் போன விமானம் பயிற்சிக்காக அப்படிச் செய்கிறதா, நிஜமாகவே இறங்க முடியாமல் போகிறதா என்று தலைமை விமானி கட்டுப்பாட்டாளரிடம் கேட்டார். என்னைப் பொறுத்தவரை மொத்தப் பதிவிலும் மனத்தை மிகவும் உறுத்தும் இடம் இதுதான். மாலை மங்கும் நேரத்தில், பனி பெய்யும் மலைப்பள்ளத்தாக்கில் யாரும் பொழுதுபோக்குக்காகப் பயிற்சி எடுக்க மாட்டார்கள் என்று ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த ஒருவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வேறு பதில் வந்தால் நன்றாக இருக்கும் என்று மனம் எதிர்பார்க்கும் நேரம் அது.

ஒரே ஒரு முறை முயன்று பார்ப்போம், முடியாவிட்டால் ரைஃபிளுக்குப் போய்விடலாம் என்று விமானிகள் பேசிக்கொண்டார்கள். கேட்பதற்குச் சரியான முடிவு. ஆனால் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. கெடு நெருங்கிவிட்டதால் சுற்றி வந்து இரண்டாம் முறை முயல நேரமில்லை. அந்த ஒரு முயற்சியில் எல்லாம் கூடி வந்தாக வேண்டும். வாடிக்கையாளர் இரவு விருந்துக்கு நிறையப் பணம் செலவழித்திருக்கிறார், அதனால் ஆஸ்பெனில் இறங்குவது முக்கியம் என்று தலைமை விமானி சொன்னதும் விசாரணை அறிக்கையில் இருக்கிறது. இதற்கிடையில் பணிப்பெண் ஒரு பயணியைக் காக்பிட்டுக்கு அழைத்து வந்து, விமானிகளுக்குப் பின்னால் இருக்கும் மடக்கு இருக்கையில் உட்கார வைத்து, பெல்ட் போடச் சொல்கிறார். அவர் யார் என்பது உறுதிப்படவில்லை. பணம் கட்டியவரே என்றால் அழுத்தம் இன்னும் கூடியிருக்கும் என்று அறிக்கை குறிப்பிடுகிறது.

மணி ஏழு ஆகிவிட்டது. கெடு தாண்டிவிட்டது. ஓடுபாதை தெரிகிறதா என்று கோபுரத்திலிருந்து கேட்டார்கள். தெரிகிறது என்று விமானத்திலிருந்து பதில் போனது. ஓடுபாதை விளக்குகள் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தன. அதன்பிறகு அரை நிமிடம் போல ஆனதும் குரல் பதிவில் தலைமை விமானி, 'எங்கே இருக்கிறது?' என்று கேட்கிறார். துணை விமானி வலதுபக்கம் என்கிறார். விமானம் இதற்குள் 10,200 அடிக்கு வெகு கீழே வந்திருந்தது. சில நொடிகளில் அது இடதுபக்கமாகச் செங்குத்தாகச் சாய்ந்து திரும்பியது. ஓடுபாதை உண்மையில் இடதுபக்கம்தான் இருந்தது. அதைக் கடைசி நொடியில் கண்டு அந்தப் பக்கம் வளைத்திருக்கலாம். 7 மணி 1 நிமிடம் 57 நொடிக்கு, ஓடுபாதையின் முனைக்கு 2,400 அடி முன்னால், அதன் நடுக்கோட்டிலிருந்து 300 அடி விலகி, மேட்டு நிலத்தில் மோதியது. யாரும் பிழைக்கவில்லை.

ஓடுபாதை தெரியாமலே குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே விமானத்தை இறக்கியதே காரணம் என்று பாதுகாப்பு வாரியம் முடிவு சொன்னது. அதோடு நிறுத்தியிருந்தால் அதுவும் 'விமானியின் தவறு' என்ற பழைய பல்லவியாகப் போயிருக்கும். துணைக் காரணங்களின் பட்டியலில் எஃப்.ஏ.ஏ.வின் தெளிவில்லாத அறிவிப்பு இருந்தது. அதைக் கோபுரத்துக்குச் சொல்லாமல் விட்டது இருந்தது. இருட்டிலும் பனியிலும் மலை தெரியாமல் போனது இருந்தது. வாடிக்கையாளர் தலைமை விமானிக்குக் கொடுத்த நெருக்கடியும் இருந்தது. ஒரு பயணியின் கோபத்தை விபத்துக்கான காரணங்களில் ஒன்றாக அரசு அறிக்கை எழுத்தில் பதிவு செய்வது அடிக்கடி நடக்கும் காரியமில்லை.

சார்ட்டருக்கும் வழக்கமான விமானச் சேவைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. விமானத்தின் அளவு அவ்வளவு முக்கியமில்லை. சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் விமானம் வானிலை சரியில்லாமல் திருச்சிக்குத் திருப்பப்பட்டால் பயணிகள் திட்டுவார்கள், சமூக வலைத்தளத்தில் எழுதுவார்கள். அந்த விமானியின் வேலைக்கு அதனால் ஆபத்து வராது. அவர் அவர்களில் யாருக்கும் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் வழக்கமான சேவை நிறுவனங்களில் 'டிஸ்பாட்சர்' என்று ஒருவர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பயணத்துக்கும் விமானியோடு சேர்ந்து சட்டப்படி பொறுப்பேற்கிறார். போகாதே, திரும்பு என்று சொல்ல வெளியிலிருந்து ஒரு குரல் இருக்கிறது. பயணி காக்பிட்டில் வந்து உட்காரும் பேச்சே கிடையாது. அழைத்தால் வரும் சார்ட்டர் சேவைக்கு அப்படி ஒரு டிஸ்பாட்சர் கட்டாயமில்லை. வாடிக்கையாளர் நான்கடி பின்னால் இருக்கிறார். அடுத்த வாரம் அவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டால் நஷ்டம் யாருக்கு என்று விமானிக்குத் தெரியும். போதாததற்கு, சார்ட்டரின் விற்பனைப் பொருளே 'நீங்கள் நினைத்த இடத்துக்கு, நினைத்த நேரத்தில்' என்பதுதான். ஆஸ்பென் போக எடுத்த விமானம் ரைஃபிளில் இறங்கினால், விற்ற பொருளைக் கொடுக்கவில்லை என்றுதான் வாங்கியவர் எடுத்துக்கொள்வார்.

இதனால் வழக்கமான சேவைகள் இதே தவறைச் செய்ததில்லை என்று ஆகிவிடாது. 1973 மே 31 அன்று சென்னையிலிருந்து டெல்லி போன இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737, பாலம் விமான நிலையத்தை நெருங்கும்போது மோசமான பார்வைநிலையில், ஓடுபாதை தெரியாமலே குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்கி மின்கம்பியில் மோதியது. 48 பேர் இறந்தார்கள். மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலமும், கோவை நாடாளுமன்ற உறுப்பினரான கம்யூனிஸ்ட் தலைவர் கே. பாலதண்டாயுதமும் அதில் இறந்தவர்கள். பெரிய நிறுவனங்கள் அந்த மாதிரி விபத்துகளிலிருந்து பாடம் படித்து, ஐ.எல்.எஸ்., பயிற்சி, பதிவுக் கருவி, கண்காணிப்பு என்று அடுக்கடுக்காகத் தடுப்புகளைக் கட்டிக்கொண்டன. சார்ட்டர் துறைக்கு அந்தத் தடுப்புகள் மெதுவாக, ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. சில இன்னும் வரவில்லை.

ஆஸ்பெனுக்கு அடுத்த ஆண்டே, 2002 அக்டோபர் 25 அன்று, மினசோட்டா மாநிலத்தில் எவலெத் என்ற சிற்றூரில் இன்னொரு விபத்து. செனட்டர் பால் வெல்ஸ்டன், அவர் மனைவி, மகள், தேர்தல் பணியாளர்கள் மூவர், விமானிகள் இருவர் என 8 பேரும் இறந்தார்கள். தேர்தலுக்கு 11 நாள் இருந்தது. வாடகைக்கு எடுத்த கிங் ஏர் விமானத்தில் ஓர் இறுதிச் சடங்குக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அரசியல் தலைவர் இறந்தால் சதி என்ற பேச்சு எழாத நாடு உண்டா? அங்கேயும் எழுந்தது, இன்றும் முழுதாக ஓயவில்லை. விசாரணை கண்டதோ மிகச் சாதாரணமான ஒன்று. மேகத்துக்குள் ஓடுபாதையைத் தேடி வரும்போது விமானத்தின் வேகம் குறைந்துகொண்டே போயிற்று. இரண்டு விமானிகளில் ஒருவரும் வேகமானியைக் கவனிக்கவில்லை. ஒரு கட்டத்துக்குக் கீழே வேகம் போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது. அதை ஸ்டால் என்கிறார்கள். தரைக்கு அவ்வளவு அருகில் ஸ்டால் ஆனால் மீள உயரம் இருக்காது. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் எண்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்ற கூட்டுப் பயிற்சி அந்த அளவு நிறுவனங்களுக்கு அப்போது கட்டாயமில்லை. எஃப்.ஏ.ஏ. அதைக் கட்டாயமாக்கிய விதி 2011-இல் வந்தது, 2013-இல் நடைமுறைக்கு வந்தது.

கட்டாயப் பயிற்சி வந்த பிறகு என்ன ஆயிற்று என்பதற்கு ஏக்ரன் சாட்சி. ஒஹையோ மாநில நகரம். 2015 நவம்பர் 10, மதியம் மூன்று மணிக்குச் சற்று முன். எக்ஸிக்யூஃப்ளைட் என்ற ஃபுளோரிடா நிறுவனத்தின் ஹாக்கர் ஜெட், ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்தைச் சேர்ந்த 7 பேரோடு டேட்டனிலிருந்து ஏக்ரன் ஃபுல்டன் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. விமானிகள் இருவர். இங்கே கோபக்காரப் பயணி இல்லை, கெடு இல்லை, மலை இல்லை. தாழ்ந்த மேகமும், சரிவு காட்டாமல் திசை மட்டும் காட்டும் லோக்கலைசர் அணுகுமுறையும்தான் இருந்தன. குறைந்தபட்ச உயரம் தரையிலிருந்து ஏறக்குறைய 470 அடி. இவர்களுக்கு முன்னால் அதே வழியில் போன ஒரு சிறிய பைப்பர் விமானம், சரியாக அந்தக் குறைந்தபட்ச உயரத்தில் மேகத்தைவிட்டு வெளியே வந்து, ஓடுபாதையைப் பார்த்து, பத்திரமாக இறங்கியது. அதாவது விதிப்படி போயிருந்தால் இவர்களும் இறங்கியிருக்கலாம்.

அன்று விமானத்தை ஓட்டியது துணை விமானி. பயணிகள் இருக்கும்போது தலைமை விமானிதான் ஓட்டுவது அந்த நிறுவனத்தின் வழக்கம். அதை மாற்றியதோடு, இறங்குமுன் யார் என்ன செய்வது என்று முறையாகப் பேசிக்கொள்ளவும் இல்லை. துணை விமானி வேகத்தை அளவுக்கு மீறிக் குறைத்தார். ஓடுபாதை தெரிந்த பிறகு முழுதாக விரிக்க வேண்டிய ஃபிளாப்புகள், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் விரியும் தகடுகள், முன்னதாகவே விரிக்கப்பட்டன. அது இழுவையைக் கூட்டி வேகத்தை இன்னும் தின்றது. பிறகு விமானம் நிமிடத்துக்கு 2,000 அடி என்ற கணக்கில் சரிந்தது. அந்த உயரத்தில் அதில் பாதி இருந்தாலே அதிகம். தலைமை விமானி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வேகம் குறைகிறது என்றார். இவ்வளவு வேகமாக இறங்காதே என்றார். ஓட்டுநர் பள்ளியில் ஆசிரியர் சொல்லும் தொனியில் சொல்லிக்கொண்டே இருந்தார். கட்டுப்பாட்டைக் கையில் வாங்கவும் இல்லை, கோ-அரவுண்ட் என்று சொல்லவும் இல்லை. குறைந்தபட்ச உயரத்தைத் தாண்டிக் கீழே போன பிறகுதான் விமானத்தை மட்டப்படுத்தப் பார்த்தார்கள். மிச்சமிருந்த வேகம் அதற்குப் போதவில்லை. விமானம் ஸ்டால் ஆகி ஒரு அடுக்குமாடி வீட்டின் மேல் விழுந்தது. வீட்டில் அந்த நேரம் யாரும் இல்லை. விமானத்தில் இருந்த 9 பேரும் இறந்தார்கள்.

பிறகு நிறுவனத்தின் கோப்புகளைத் திறந்து பார்த்தார்கள். துணை விமானி முந்தைய வேலையிலிருந்து, பயிற்சியில் தேறாததால் நீக்கப்பட்டவர். தலைமை விமானியும் முந்தைய இடத்தில் பயிற்சிக்கு வராததால் நீக்கப்பட்டவர். இதையெல்லாம் விசாரித்துப் பார்க்காமல் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். எவலெத் விபத்துக்குப் பிறகு கட்டாயமான அந்தக் கூட்டுப் பயிற்சிக்குத் தேர்வும் நடந்திருக்கிறது. துணை விமானி எழுதிய விடைத்தாளில் சரியாக இருந்தது 40 சதவீதம், போட்டிருந்த மதிப்பெண் 100 சதவீதம். விதி வந்தது, தேர்வு வந்தது, மதிப்பெண்ணும் வந்தது. நம் ஊர் அரசு அலுவலகங்களில் கோப்பு எப்படி நகரும் என்று தெரிந்த யாருக்கும் இது புரியாத விஷயமில்லை. மேற்பார்வை செய்ய வேண்டிய எஃப்.ஏ.ஏ. இதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் பாதுகாப்பு வாரியம் அறிக்கையில் எழுதியது. நிறுவனத்தில் முறையான பாதுகாப்புத் திட்டம் என்று எதுவும் இல்லை என்பதும் துணைக் காரணமாக இடம்பெற்றது.

ஆஸ்பெனையும் ஏக்ரனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சார்ட்டரில் தப்பு நுழையும் இரண்டு வழிகள் தெரியும். ஒன்று வெளியிலிருந்து வருவது: பணம், நேரம், கோபம். இன்னொன்று உள்ளுக்குள்ளேயே இருப்பது: யாரை எடுக்கிறார்கள், எப்படிப் பழக்குகிறார்கள், யார் பார்க்கிறார்கள். முதலாவது நல்ல விமானியையும் சாய்த்துவிடும். இரண்டாவதற்கு அழுத்தமே தேவையில்லை, சாதாரண மேகம் போதும். இரண்டிலும் கடைசியில் விமானம் ஒரே எண்ணைத்தான் தாண்டிக் கீழே போகிறது.

அப்புறம், ஏக்ரன் விபத்தில் விசாரணையாளர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். அந்த ஹாக்கரில் குரல் பதிவு இருந்தது. வேகம், உயரம், இயந்திர விசை போன்றவற்றைப் பதியும் தரவுப் பதிவுக் கருவி இல்லை. அந்த வகை விமானத்துக்கு அது கட்டாயமும் இல்லை. ரேடார் பதிவையும், குரலையும், பக்கத்தில் இருந்த ஒரு பாதுகாப்புக் கேமராவில் விழுந்த காட்சியையும் வைத்துத்தான் கடைசி நிமிடங்களைக் கட்டி எழுப்பினார்கள். எவலெத்தில் வெல்ஸ்டனின் விமானத்தில் குரல் பதிவுகூட இல்லை. தரவுப் பதிவுக் கருவி விபத்துக்குப் பிறகு மட்டும் பயன்படுவதில்லை. பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு பயணத்தின் தரவையும் எடுத்துப் பார்த்து, எந்த விமானி அடிக்கடி வேகமாக இறங்குகிறார், யார் குறைந்தபட்ச உயரத்தில் தடுமாறுகிறார் என்று விபத்து நடக்காமலே கண்டுபிடிக்கின்றன. ஏக்ரனில் அப்படி யாராவது பார்த்திருந்தால், அந்தத் துணை விமானியின் பழக்கங்கள் முன்பே தெரிந்திருக்கக்கூடும்.

2019-20க்கான தன் அவசர வேண்டுகோள் பட்டியலில் பாதுகாப்பு வாரியம் சார்ட்டர் துறைக்கென்றே ஒரு இடம் ஒதுக்கியது. மூன்று கோரிக்கைகள்: நிறுவனங்களுக்குள் பாதுகாப்பு மேலாண்மை அமைப்பு, பறப்புத் தரவுக் கண்காணிப்பு, மலையிலோ தரையிலோ மோதுவதைத் தவிர்க்கும் பயிற்சி. முதலாவதை எஃப்.ஏ.ஏ. 2024 ஏப்ரலில் விதியாக்கியது. சார்ட்டர் நிறுவனங்கள் மூன்று ஆண்டுகளுக்குள், 2027 மே மாதத்துக்குள், அந்த அமைப்பை உருவாக்கியாக வேண்டும். ஒரே ஒரு விமானியை வைத்து நடத்தும் மிகச் சிறிய நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. இப்படி ஓர் அமைப்பு ஒழுங்காக இருந்தால், லாஸ் ஏஞ்சலஸில் அன்று வந்த தொலைபேசி அழைப்பை எடுத்தவர் அதை விற்பனைப் பிரச்சினையாகப் பார்க்காமல், பாதுகாப்பு எச்சரிக்கையாகக் குறித்து வைத்து மேலிடத்துக்குச் சொல்லியிருக்க வேண்டும். காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு ஏக்ரனின் 100 சதவீத விடைத்தாள் இருக்கிறது. ஆஸ்பென் அறிவிப்பைப் பொறுத்தவரை, சர்க்கிளிங் என்ற சொல்லைச் சுற்றியிருந்த குழப்பத்தை விபத்துக்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். இரவில் அந்த அணுகுமுறைக்கே அனுமதி இல்லை என்று நேராக எழுதிவிட்டார்கள்.